ஏழாவது எபிசோடில் மாறிய டாக்டர்

அரைக் கிலோ நெத்திலியில் எத்தனை தலை இருக்கும் என்று எண்ணத் தொடங்கிய புனிதவதி நாற்பதோடு விட்டுவிட்டாள். எண்ணிக்கொண்டே இருந்தால் மனசு வேறெங்கும் போகாது என்று யாரோ சொன்னது, யாரென்று ஞாபகமில்லை, அந்த ஆஸ்பத்திரி நர்ஸாக இருக்கலாம், மயக்கம் கொடுக்கும்போது நூறிலிருந்து கீழே எண்ணச் சொன்னவள். தொண்ணூற்றாறு வரை வந்தது நினைவிருக்கிறது. தொண்ணூற்றைந்தை அவள் சொல்லவில்லை. ஆக அவளுடைய பழைய குரலில் கடைசியாக வெளியே வந்த வார்த்தை தொண்ணூற்றாறு, அதுவும் முகமூடிக்குள், கேட்டது அந்த நர்ஸ் ஒருத்தி, அவளும் கேட்டிருப்பாளோ என்னவோ. கிள்ளு, இழு, தலையோடு குடலும் வந்துவிடும், அலசு, சட்டியில் போடு. சமையலறைத் தரையில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்தாள். எதிரே அரிசி டிரம்மில் சாய்த்து வைத்த செல்போன். கையெல்லாம் மீன், அதனால் விரல் முட்டியால் திரையைத் தள்ளித் தள்ளிப் படித்தாள். மணி பத்தே முக்கால். பன்னிரண்டு மணிக்கு டப்பிங் தியேட்டரிலிருந்து ரெங்கராஜ் கூப்பிடுவான். கூப்பிட்டால் எடுத்து, அவள் வாயால், ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சரி என்றோ வேண்டாம் என்றோ. பதினெட்டு வருஷமாகப் பேசியே பிழைத்தவளுக்கு ஒரு வார்த்தை எம்மாத்திரம். மீன் கொண்டுவந்த லூர்து அக்காவிடம் காலையில் "அரைக் கிலோ போதும்" என்று சொன்னதற்கே அவள் கூடையை இறக்காமல் நின்று பார்த்தாள். "இன்னாம்மா இது, தொண்டை இன்னும் கட்டிக்கினே கீது? மொளகு ரசம் வச்சிக் குடி. நாலு மாசமா நானும் சொல்லிக்கினே கீறேன்." புனிதவதி தலையை ஆட்டினாள். தலையாட்டுவதில் இப்போது நல்ல தேர்ச்சி வந்துவிட்டது, எதற்கு எப்படி ஆட்டினால் பேச்சு சீக்கிரம் முடியும் என்று ஒரு கணக்கு இருக்கிறது.

ரெங்கராஜின் செய்தி ஒன்பது மணிக்கு வந்தது, அதை ஐந்து தடவை படித்துவிட்டாள், ஐந்து தடவையும் ஒன்றும் ஆகவில்லை, உள்ளே ஏதோ ஓர் இடத்தில் சுருக்கென்று இருக்க வேண்டும், இல்லை. "அக்கா, கஷ்டமான விஷயம், நேர்ல சொல்லணும், நீங்கதான் யாரையும் பாக்க மாட்டேங்கறீங்க. பன்னிரண்டாவது ஆள் சீரியல்ல ஏழாவது எபிசோடுலேர்ந்து டாக்டருக்கு உங்களுக்குப் பதிலா யாமினி குரல் வருதில்ல, அத வச்சு ரசிகருங்க பெரிய புரளிய கிளப்பிட்டாங்க. டாக்டர்தான் நகல்னு தமிழ்ல முன்கூட்டியே சொல்லிட்டோம்னு வீடியோ மேல வீடியோ. வெளிநாட்டுக் கம்பெனிக்காரங்க வரைக்கும் போயிடுச்சு. முதல் ஆறு எபிசோடையும் யாமினிய வச்சே மறுபடி பேச வச்சுடுங்கன்னு சேனல்ல சொல்றாங்க. நம்ம தியேட்டர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மதியம் பன்னெண்டுக்குக் கூப்பிடறேன். நீங்க வேண்டாம்னா நான் மல்லுக்கு நிப்பேன்." அந்த வழக்கம் அவளுக்குத் தெரியாமலா. அந்தத் தியேட்டரை நடத்திய பெரியவர் காலத்திலிருந்து வருவது: ஒருவர் பேசி வெளியே வந்துவிட்டதை அழித்து இன்னொருவர் பேச வேண்டுமென்றால், முதலில் பேசியவர் தன் குரலாலேயே சம்மதம் சொல்ல வேண்டும், அதைப் பதிவு செய்து வைத்துக்கொள்வார்கள். கையெழுத்தெல்லாம் செல்லாது. குரலை விற்கிறவன் குரலால் சொல்லட்டும் என்பார் பெரியவர். பதிலே வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். நல்ல வழக்கம்தான், அதை உண்டாக்கியபோது இப்படி ஒருத்தி வருவாள் என்று யார் கண்டது. அந்த ஆறு எபிசோடுதான் அவள் கடைசியாகப் பேசியது. அதற்கு முன் பேசியதெல்லாம் எங்கெங்கோ கிடக்கிறது, நாயகியின் அக்கா, சலவைத்தூள் விளம்பரத்து மாமியார், கார்ட்டூன் அணில், யாரும் தேடிப் போய்க் கேட்கப் போவதில்லை. இந்த டாக்டரைத்தான் மூவாயிரம் பேர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார்கள்.

அந்த மூவாயிரம் பேர்தான் இப்போது அரிசி டிரம்மில் சாய்ந்திருந்தார்கள். 'பன்னிரண்டாவது ஆள் தமிழ் டப்பிங் வெறியர்கள்' என்று குழுவுக்குப் பெயர். ஏதோ ஒரு குளிர்ந்த கிரகத்துக்கு மேலே சுற்றுகிற நிலையம், அதில் பன்னிரண்டு பேர், ஒருவர் மட்டும் மனுஷரில்லை, மனுஷரைப் பார்த்துச் செய்த நகல், தான் நகல் என்பது அந்த நகலுக்கே தெரியாது. யார் அது என்பதுதான் கதை, யார் அது என்பதுதான் இந்த மூவாயிரம் பேருக்கும் சோறு தண்ணீர். சமையல்காரன் தூபோ என்று ஒரு கட்சி, கேப்டன் என்று ஒரு கட்சி, ஏழாவது எபிசோடுக்குப் பிறகு எல்லாரும் கும்பலாக டாக்டர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். புனிதவதி இதில் தன் கணவனுடைய பழைய நம்பரில் சேர்ந்திருந்தாள், அதனால் அங்கே அவள் சற்குணம் ப்ரோ. இரண்டு மாசமாக ஒரு வார்த்தை எழுதியதில்லை. ஒருமுறை தவறி முட்டி பட்டு ஒரு கட்டைவிரல் குறி போய்விட்டது, உடனே ஒருவன் "சற்குணம் ப்ரோவே ஒத்துக்கிட்டாரு" என்று எழுதினான், அன்றைக்கு முழுக்க அவளுக்குப் படபடப்பு. இப்போது அதுகூட வராது போல. கழுத்தில் தழும்புக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்கு மரத்துப் போயிருக்கிறது, தொட்டால் யாரோ வேறொருத்தியின் கழுத்தைத் தொடுவது போல, அது நாளாக ஆகச் சரியாகும் என்றார் டாக்டர், நிஜ டாக்டர், ஆனால் மரத்தது கீழே இறங்கிப் பரவிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்கு ஒரு சந்தேகம். ஈரக் கையின் பின்புறத்தால் தழும்பைத் தொட்டுப் பார்த்தாள். கைக்குத்தான் கழுத்து தெரிந்தது, கழுத்துக்குக் கை தெரியவில்லை.

கருந்துளை என்ற பெயரில் எழுதுகிறவன் காலையிலிருந்தே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தான். எங்கேயோ பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறவன் என்று பேச்சு. வரைபடமெல்லாம் போடுவான், குரலைக் கோடு கோடாக நீட்டி, மேலே ஆறாவது எபிசோடு, கீழே ஏழாவது. "டாக்டர் பொய் சொல்றதுக்கு முன்னாடி ஒரு குட்டி மூச்சு எடுப்பாங்க. ஆறு எபிசோடுல மொத்தம் பதினொரு இடம். நான் எண்ணிட்டேன். ஏழுலேர்ந்து சுத்தமா இல்ல. அதே முகம், அதே உடம்பு. மூச்சு மட்டும் போச்சு. உள்ள இருக்கறது வேற ஆள்." ஒருத்தி கேட்டாள், "ஒரிஜினல்ல குரல் மாறவே இல்லையே ப்ரோ?" அதற்கும் அவனிடம் பதில் இருந்தது. "அங்க நடிக்கிறவங்களுக்கே முடிவ சொல்ல மாட்டாங்க. டப்பிங் டீமுக்கு முழு சீசனும் மொத்தமா வந்துடும். அவங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பண்ணியிருக்காங்க." புனிதவதிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். முழு சீசனாம். அவர்களுக்கு வருவது சாம்பல் நிறத்தில் ஒரு திரை, நடுவில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் பேசுகிறவரின் வாய் மட்டும் தெரியும், மற்றதெல்லாம் மறைத்துத்தான் அனுப்புவார்கள், கதை வெளியே போய்விடக் கூடாதாம். ஆறு எபிசோடு அந்த வாயைப் பார்த்தே பேசினாள். டாக்டருக்குக் கண் என்ன நிறம் என்பதே டிவியில் வந்த பிறகுதான் தெரியும். யார் நகல் என்று அவளுக்கு எங்கே தெரியும், கேட்டால் அவளும் தூபோ என்றுதான் சொல்லியிருப்பாள், அவன் எதையும் ருசி பார்க்காமல் சமைக்கிறான். ஆனால் அந்த மூச்சு. அதை அவள் எடுத்ததே அவளுக்குத் தெரியாது. அந்த டாக்டர் அம்மாள் பொய் சொல்கிறாள் என்றுகூடத் தெரியாமல் பேசிய இடங்கள் அதில் இருக்கும். அந்த வாயின் ஓரம் லேசாக இழுபடுவதைப் பார்த்து இவளுடைய நெஞ்சு தானாக எடுத்திருக்கிறது, பதினொரு தடவை. யாமினிகூட போன மாசம் செய்தி அனுப்பினாள், "அக்கா, சில இடத்துல ஏதோ பண்ணியிருக்கீங்க, என்னன்னு பிடிக்க முடியல, சொல்லிக் குடுங்களேன்" என்று. நல்ல பெண், குறை சொல்ல முடியாது. "நான் ஒண்ணும் பண்ணல, நீ உன் போக்குல பேசு" என்று எழுதி அனுப்பினாள். அது உண்மைதான் என்று அப்போது நினைத்திருந்தாள்.

ஏழாவது எபிசோடு வந்த அன்று சற்குணமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். டிரைவிங் ஸ்கூலில் வாத்தியார், நாளெல்லாம் அடுத்தவன் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வேலை, வீட்டுக்கு வந்தால் எதையும் உற்றுப் பார்க்க மாட்டான். முறுக்கைக் கடித்துக்கொண்டே, "டாக்டரா நல்லாப் பேசியிருக்க புனிதா. முந்திக்கு இப்ப இன்னும் கணீர்னு இருக்கு" என்றான். இவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். கேலி செய்கிறானா என்று பார்த்தாள், இல்லை, மனசாரத்தான் சொன்னான். மூன்று மாசமாக வீட்டில் அவள் காற்றை ஊதிக்கொண்டு பேசுவதைக் கேட்டவன், ராத்திரி தண்ணீர் குடித்துப் புரையேறினால் முதுகில் தட்டுகிறவன், டிவியில் வருவது வேறொருத்தி என்பது அவன் மூளைக்கு எட்டவில்லை. ஆபரேஷனுக்கு முன்னாடியே பேசி முடித்திருப்பாள் என்று நினைத்திருப்பான், பாவம். அன்றைக்கு அவள் அழுதிருக்கலாம், அவனை நாலு வார்த்தை கேட்டிருக்கலாம், முறுக்குத் தட்டை அவன் பக்கம் தள்ளி வைத்தாள், அவ்வளவுதான் செய்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு தாளின் பின்பக்கம் பேனாவால் தொண்டையை வரைந்தார், தைராய்டுக் கட்டிக்கு அடியில் ஓடுகிற நரம்பை ஒரு கோடாகப் போட்டார், கட்டி அந்தக் கோட்டைச் சுற்றியிருந்ததும்மா, வேறு வழியில்லை, இடது பக்கக் குரல் நாண் இனி அசையாது, ஆறு மாசம் பார்க்கலாம் என்றார். ஐந்தாவது மாசம் ஓடுகிறது. ஆறு மாசம் பார்க்கலாம் என்று சொல்லும்போது அவர் ஜன்னலைப் பார்த்தார். ரெங்கராஜுக்கு, தனக்குச் சளி என்று எழுதினாள், பிறகு அலர்ஜி, பிறகு டாக்டர் பேசக் கூடாது என்கிறார். சொல்லிவிட்டால் முடிந்துவிடும், அதுதான் பயம், வேறொன்றுமில்லை. சொல்லாதவரை அவள் லீவில் இருக்கிற ஒரு டப்பிங் கலைஞர். சொன்னபிறகு அவள் யார். உலகத்திலேயே ஒரே ஒருத்தன்தான் அவள் போய்விட்டதைக் கண்டுபிடித்திருக்கிறான், வரைபடம் போட்டு, இடம் எண்ணி, அவள் மூச்சுக்குக் கணக்கு வைத்து. முகம் தெரியாத அந்தப் பாலிடெக்னிக்காரன் மேல் அவளுக்கு ஒரு பிரியம் இருந்தது, வெட்கமில்லாமல் சொன்னால், பிரியம்தான். அவனால்தான் அவளுடைய ஆறு எபிசோடும் போகப் போகிறது என்பது அவனுக்குத் தெரியாது.

தெரிந்தால் என்ன. இந்த யோசனை நெத்திலி கால்வாசி மிச்சமிருக்கும்போது வந்தது. குரல் மாறியதற்குக் காரணம் இன்னதென்று அவனுக்குச் சொல்லிவிட்டால் அவனே எல்லாரிடமும் சொல்வான், புரளி அடங்கிவிடும், அடங்கிவிட்டால் சேனலுக்கு அழிக்கிற வேலை எதற்கு. முட்டியால் எழுத்து எழுத்தாகத் தட்டினாள், பத்து நிமிஷம் ஆயிற்று. "டாக்டருக்குப் பேசின அம்மாவுக்குக் கழுத்துல ஆபரேஷன். அதனாலதான் ஏழாவதுலேர்ந்து வேற ஆள் பேசறாங்க. கதைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல." அனுப்பிவிட்டு இரண்டு மீன் கிள்ளினாள். "சற்குணம் ப்ரோ வாயத் தொறந்துட்டாருடா!" என்று ஒருவன். "ஆதாரம்?" என்று குழுவை நடத்துகிறவன். அங்கே அது சட்டம், ஆதாரமில்லாமல் எதையும் சொல்லக் கூடாது, சொன்னால் நீக்கிவிடுவார்கள். கருந்துளை மரியாதையாகக் கேட்டான். "உங்களுக்கு எப்படித் தெரியும் ப்ரோ?" ஒரு பூனை கொல்லைக் கதவோரம் வந்து உட்கார்ந்தது, அதைத் துரத்த வேண்டும், துரத்தவில்லை. "நான்தான் அது" என்று தட்டினாள். பதில்கள் மளமளவென்று வந்து விழுந்தன. "ப்ரோ நீங்க அக்காவா?" "நம்பிட்டோம் நம்பிட்டோம்." "அப்ப நான்தான் கேப்டன்." கருந்துளை மட்டும், "அப்படின்னா ஒரு வரி பேசி அனுப்புங்க மேடம். முதல் எபிசோடுல, டாக்டர் ஆள் எண்ற இடம். நான் பக்கத்துல வச்சுப் பாத்துச் சொல்றேன்" என்றான். மேடம் என்றான். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் அடுத்ததைச் செய்தாள், இல்லாவிட்டால் அவ்வளவு அசடு இல்லை அவள். முழங்கையால் பதிவுப் பொத்தானை அழுத்திக்கொண்டு குனிந்து பேசினாள். "நிலையத்தில் பன்னிரண்டு பேர் இருக்க வேண்டும். நான் எண்ணியவரை பதினொன்று." காற்று பாதி, வார்த்தை பாதி, 'பதினொன்று' என்பதன் வால் வெளியே வரவே இல்லை. அனுப்பினாள்.

"யாருடா இந்தப் பாட்டி?" என்றுதான் முதலில் வந்தது, அதற்குச் சிரிக்கிற பொம்மைகள் நாற்பது. புனிதவதிக்கு அது ஒன்றும் செய்யவில்லை, அவள் வேறொரு பெயருக்காகக் காத்திருந்தாள். அவனுக்குத் தெரியும். பதினொரு இடத்தை எண்ணியவனுக்குத் தெரியாமல் போகுமா, குரல் போனாலும் உள்ளே பேசுகிறவள் அவள்தானே, எங்கேயாவது ஓர் ஓரத்தில் மாட்டும், சொல்லை எடுக்கிற விதத்தில், இரண்டு வாக்கியத்துக்கு நடுவே விடுகிற இடைவெளியில். கிள்ளு, இழு, அலசு. பதினோரு மணி நாற்பதுக்கு அவன் வந்தான், படத்தோடு. மேலே அவள், கீழே அவள், இரண்டு கோடு. "மூணு தடவை ஒப்பிட்டுப் பாத்துட்டேன். சுருதி, அதிர்வு, மூச்சு எடுக்கற இடம், ஒண்ணுமே பொருந்தல. இது அவங்க இல்ல. உடம்பு சரியில்லாத யாரையோ பேச வச்சு அனுப்பியிருக்கீங்க. அவங்கள எனக்கு ரொம்பப் பிடிக்கும், அவங்க பேர்ல விளையாடாதீங்க." அதற்குக் கீழே ஒரு வரி, சற்குணம் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். அதற்குக் கீழே ஒன்றுமில்லை, எழுதுகிற கட்டமும் போய்விட்டது. புனிதவதி கடைசி நெத்திலியையும் கிள்ளி முடித்தாள். சட்டியில் தண்ணீர் விட்டுக் கல்லுப்புப் போட்டு அலசினாள், இரண்டாம் தண்ணீரும் அலசினாள். வலிக்கிறதா என்று உள்ளே தேடினாள். அவன் கோபப்பட்டது அவளுக்காக, அவளிடமிருந்தே அவளைக் காப்பாற்றியிருக்கிறான், இதை யாரிடம் போய்ச் சொல்ல. அவன் சொன்னது சரிதானே என்றும் தோன்றியது. அந்த ஆறு எபிசோடில் இருப்பவள் அவள்தான், இங்கே மீன் அலசுகிறவள் அவளைப் பார்த்துச் செய்த நகல். அப்படியென்றால் அந்த ஆறு எபிசோடும் போய்விட்டால் எதைக் காட்டி யார் எதை ஒப்பிடுவார்கள். இங்கேதான், சட்டியை வடித்துக்கொண்டிருக்கும்போது, நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று லேசாக உறுத்தியது. நாலு மாசத்தில் முதல் தடவை. கோபம் என்று அவளுக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

போன் அடித்தது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"ஹலோ, அக்கா?"

"சொல்லு ரெங்கராஜ்."

"யாருங்க? அக்காகிட்ட குடுங்க. தியேட்டர்லேர்ந்து பேசறேன், அவங்க குரல்லதான் பதிவு பண்ணணும்."

அவங்க வெளியே போயிருக்காங்க என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வெளியே போயிருக்காங்க, வந்ததும் சொல்றேன், அத்தோடு போனை வைத்துவிட்டால் சாயங்காலத்துக்குள் எல்லாம் தானாக முடிந்துவிடும், யாரும் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

"நான்தான் ரெங்கராஜ்."

அந்தப் பக்கம் தியேட்டருக்குள் ஏசி ஓடுவது கேட்டது.

"சளி கிளியெல்லாம் ஒண்ணுமில்லப்பா. தைராய்டு ஆபரேஷன்ல நரம்பு போயிடுச்சு. இனிமே இதுதான்."

"அக்கா..." என்றான், பிறகு, "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதாக்கா? பதினெட்டு வருஷம்..." அவன் குரல் உடைந்தது. நல்ல குரல் அவனுக்கு, உடைந்தால்கூட முழுசாக உடைகிறது.

"அழுவாத. பதிவு ஓடுதா?"

"ஓடுதுக்கா."

"நான் புனிதவதி. பன்னிரண்டாவது ஆள் சீரியல்ல முதல் ஆறு எபிசோடு, டாக்டருக்கு நான் பேசினேன். அத அழிக்க நான் சம்மதிக்கல."

பின்னாலிருந்து வேறு யாரோ பேசுவது கேட்டது, அவளுக்குத் தெரியாத குரல், புதிதாக வந்த சவுண்ட் இன்ஜினியராக இருக்கும். "சார், லெவல் ரொம்பக் கம்மி, பாதி வெறும் காத்துதான் விழுது. அந்த மேடத்த ஒன் மோர் கேளுங்க." ரெங்கராஜ் போனைப் பொத்திக்கொண்டு அவனை அதட்டினான். "யோவ், யார்கிட்ட கேக்கற, சும்மா இருய்யா."

"அவர ஏன் திட்டற? சரியாத்தான் சொல்றாரு" என்றாள் புனிதவதி. "ஒன் மோர் போலாம்."

எழுந்து நின்றாள். போனை வாய்க்கு நேராக ஒரு சாண் தள்ளிப் பிடித்து, முதுகை நிமிர்த்தி, ரெங்கராஜ் "டேக்" என்று சொல்லும்வரை காத்திருந்து, மறுபடி சொன்னாள். இந்தத் தடவை இன்னும் நன்றாக வந்தது.